முதலிடத்தைத் திருப்பிக் கொடுத்தவர்

அவரை வீட்டுக்குக் கூப்பிடுவதென்றால் சொந்தக்காரர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பார்கள். கெட்ட மனிதர் என்று அர்த்தமில்லை. வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எழுந்துவிடுவார். உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, நட்டு ஒவ்வொன்றையும் முடுக்கிவிட்டுத்தான் மறுவேலை. பிறகு கதவுக் கீல், மின்விசிறி, குழாய் என்று வீட்டையே ஒரு சுற்று சுற்றிவிடுவார். பேச வந்தவரோடு யாரும் பேச முடியாது. சொந்த மைத்துனனின் கல்யாணத்தில் மணமக்கள் உட்கார வேண்டிய சோபாவுக்கு அடியில் அவருடைய இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் புகைப்படம் இன்னமும் அந்த வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு ஸ்பேனர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம்.

வேலை, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். பின்கட்டில், துணி வெளுக்கும் கூடத்துக்கு அடுத்த அறை. உடைந்த கட்டில், சாய்ந்த ஸ்ட்ரெச்சர், ஒரு பக்கமாக இழுக்கும் சக்கர நாற்காலி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இருபத்தாறு வருஷமாக வந்ததையெல்லாம் சரிபண்ணி அனுப்பிக்கொண்டிருக்கிறார். சரிபண்ணிய நாற்காலியை வார்டு வராந்தாவில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சத்தமே இல்லாமல் போனால் தேறிற்று. கிறீச் என்று ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மனைவி கிடைத்ததும் அந்த அறையில்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் கால் இரண்டும் போனவள். அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் பதிவறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பிரேக் பிடிக்கவில்லை என்று நாற்காலியோடு வந்தாள். பிரேக்கோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் பேரிங் மாற்றினார், ஸ்போக் கம்பி இழுத்தார், மறுவாரம் வரச்சொன்னார், அதற்கு மறுவாரமும் வரச்சொன்னார். நாலாவது தடவை அவளே கேட்டுவிட்டாள். "இதுல இன்னும் என்ன ரிப்பேர் பாக்கி? என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா நாற்காலிகிட்ட சொல்லாம என்கிட்டயே சொல்லுங்க." அசடு வழிய நின்றவரைப் பார்த்து அவளே சிரித்து, அவளே தேதியும் குறித்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

ஆஸ்பத்திரிக்குள் அவளைப் பிடிக்க ஆள் ஓட வேண்டும். எல்லோரும் 'சீட்டக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் வருவார்கள், அவள் அதற்குள் அடுத்த மூலையில் திரும்பியிருப்பாள். ஆனால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு எழுநூறு மீட்டர். அந்தத் தெருவில் நடைபாதை என்று ஒன்று இருப்பதாக மாநகராட்சிதான் சொல்லிக்கொள்கிறது. ஒரு பலகைக்கல் உயர்ந்திருக்கும், அடுத்தது உள்வாங்கியிருக்கும், மூன்றாவது இருக்காது. நட்ட நடுவில் மின்கம்பம். அதனால் பேருந்துகளுக்கு நடுவே சாலையோரமாக அவர் தள்ளிக்கொண்டு போனால்தான் உண்டு. அவருக்குக் காய்ச்சல் என்றால் அவளும் லீவு போட வேண்டும்.

பதிவறைக்குத் தலைமை ஏற்கச் சொல்லி இரண்டு தடவை அவளைக் கேட்டுவிட்டார்கள். தலைமை என்றால் காலை ஆறு மணிக்கே வந்து அறையைத் திறக்க வேண்டும். அவருக்கோ வேலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ராத்திரி எட்டு வரை. அவர் கூட்டிப்போகத் தயாராகத்தான் இருந்தார். அவள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆபீசைத் திறக்கறதுக்கு ஒருத்தி, அவளை எழுப்பிக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒருத்தர்னு ரெண்டு பேர் வேணுமா? நானா போக முடிஞ்சா அன்னிக்கு வாங்கிக்கறேன்" என்று இரண்டு தடவையும் மறுத்துவிட்டாள். ஆனால் மறுத்துவிட்டு வந்த இரண்டு நாளும் அவள் யாரோடும் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவது தடவை கேட்பார்களா என்பது சந்தேகம்தான்.

இந்த நிலைமையில்தான் ஆராய்ச்சி வந்து இறங்கியது. ஐந்து நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, நாட்டுக்கு ஒரு நகரம் என்று எடுத்துக்கொண்டு, எல்லோரும் நடமாடக்கூடிய ஊராக அதை மாற்றுவது எப்படி என்று பார்க்கும் வேலை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் பெரிய அட்டைப்பெட்டியோடு பின்கட்டு அறைக்கு வந்தாள். பெட்டிக்குள் ஒரு புத்தம்புதிய சக்கர நாற்காலி. இருக்கைக்கு அடியில் சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. தெருவில் தள்ளிக்கொண்டு போனால், ஒவ்வொரு குலுக்கலையும் அது எழுதி வைத்துக்கொள்ளுமாம்.

"அஞ்சு ஊர்லயும் இதே நாற்காலி, இதே எடை, இதே வேகம்ண்ணா. வித்தியாசம் தெருவுல மட்டும்தான் இருக்கணும். நாப்பத்திரண்டு தெரு இருக்கு. உங்களைத் தவிர இதைப் பொறுமையாத் தள்ள ஆளில்லைன்னு ஆஸ்பத்திரியில எல்லாரும் சொன்னாங்க."

தலையை ஆட்டினார். அவள் சொன்னதில் முக்கியமான வாக்கியம் எது என்று நமக்குத் தெரிகிறது. அவர் அந்த நேரம் இடது கால்பலகையில் ஒரு திருகு லூசாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாநகராட்சி இன்ஜினியரும் கூட வந்திருந்தார். ஐந்து ஊரில் எது கடைசியோ அந்த ஊருக்குத்தான் கூட்டுத் திட்டத்தில் நடைபாதை வேலை முதலில் வரும், அதிலும் மிக மோசமான மூன்று தெருவில் ஆரம்பிப்பார்கள் என்று அவர்தான் விவரம் சொன்னார். அன்று வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி கணக்குப் போட்டுவிட்டாள். "மோசமான மூணுன்னா அதுல நம்ம தெரு இல்லாம இருக்குமா? கண்டிப்பா வந்துரும்."

முதல் நாள் அவர்கள் தெருவையே எடுத்தார்கள். நாற்காலியில் அறுபது கிலோ மணல்மூட்டையை உட்காரவைத்து வாரால் கட்டினார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல், ஊரெல்லாம் அடுத்தவர் தள்ள ஜம்மென்று போவதால் மூட்டைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார் ஸ்பேனர். ஆனால் பத்தடி போவதற்குள் அவர் சிரிப்பு போய்விட்டது. நாற்காலி தடதடவென்று ஆடியது. கெட்டி பிளாஸ்டிக் முன்சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் முட்டி நின்றது. கருவி அதன் கூட்டுக்குள் லொடலொடவென்று அடித்துக்கொண்டது. எழுநூறு மீட்டர் முடிவதற்குள் அவருக்கு அழுகை வராத குறை.

மறுநாள் காலை, ஆராய்ச்சிக்காரப் பெண் வருமுன்பே அறைக்குப் போனார். நாற்காலியோடு வந்த குறிப்புத்தாளில் 'நாற்காலியை நல்ல நிலையில் வைத்திருக்கவும்' என்று நாலாவது வரியில் அச்சடித்திருந்தது. அது போதாதா அவருக்கு? முன்சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டுக் காற்றடைத்த ரப்பர் சக்கரம் போட்டார். இருக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் தடித்த ரப்பர் வாஷர் கொடுத்தார். கருவி பாவம் அடிபடுகிறதே என்று, ஆஸ்பத்திரி மெத்தையிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வெட்டி அதைச் சுற்றிலும் அடைத்தார். கடைசியில் வராந்தாவில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினார். சத்தமே இல்லை. சொல்லிக்காட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் திருவிழாதான். சந்தைத் தெரு, பள்ளிக்கூடத் தெரு, நீதிமன்றச் சாலை என்று மாப்பிள்ளை ஊர்வலம் போனார். கடைக்காரர்கள் என்ன வாகனம் என்று கேட்டு வந்தார்கள். ஆராய்ச்சிக்காரப் பெண் வேகத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். அவளுக்குத் தெருவைப் படிக்கத் தெரியும், நட்டு போல்ட் தெரியாது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் நாற்காலி முனகாமல் போவதைப் பார்த்து அவர் மட்டும் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டார்.

முடிவு வந்தபோது இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து நாட்டில் இந்த ஊருக்கு முதலிடம். மாநகராட்சிக் கூட்ட அறையில் எல்லோரையும் கூப்பிட்டு இனிப்புக் கொடுத்தார். ஸ்பேனருக்கும் மனைவிக்கும் முன்வரிசை. "வெளிநாட்டுக்காரனே சொல்லிட்டான், நம்ம நடைபாதைதான் பட்டு மாதிரி இருக்குன்னு. இனிமே ரிப்பேர் வேலையே வேண்டாம், பூங்காவுல நீரூற்று வெச்சிடலாம்" என்றார்.

ஆராய்ச்சிக்காரப் பெண் எழுந்து படம் போட்டுக் காட்டினாள். நாற்பத்தோரு தெருவுக்கும் கோடு தரையோடு தரையாகப் போயிற்று. ஒரே ஒரு தெருவுக்கு மட்டும் கோபுர உயரத்துக்கு எகிறியிருந்தது. "இது முதல் நாள் எடுத்தது. மத்த எதோடயும் ஒத்துவரல. கருவி பழகாம தப்பா எழுதியிருக்கும்னு இந்த ஆராய்ச்சியை நடத்தற பேராசிரியர் சொல்றார். அதனால அந்தத் தெருவை மட்டும் கணக்குலேருந்து எடுத்துட்டோம்."

ஸ்பேனருக்கு வாயில் போட்ட இனிப்பு அப்படியே நின்றது. எது தப்பு, எது சரி என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நாற்பத்தோரு தெருவும் அவர் கைவேலை. நிஜத்தைச் சொன்ன ஒரே தெருவைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், அது அவருடைய தெரு. பக்கத்தில் மனைவி இனிப்புத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுப்படியில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தார். ரப்பர் சக்கரம், வாஷர், ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்ச் என்றதும் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அஞ்சு நாட்டு ஆராய்ச்சிக்கு மெத்தை விரிச்சுட்டு வந்திருக்கீங்க."

"நீ சிரிக்கற. இருபத்தாறு வருஷம் ஒரு பேச்சு வாங்கினதில்ல. இப்ப போய்ச் சொன்னா, ஆராய்ச்சியையே கெடுத்தவன்னு பேராகும். ரிட்டயர் ஆகற வரைக்கும் சொல்லிக்காட்டுவாங்க."

"சொல்லாம விட்டா?"

"விட்டா யாருக்கும் தெரியாது. உனக்கு என்ன, உன் நாற்காலி எந்தக் கல்லுலயும் நிக்காது. நான் இருக்கேன், தள்ளிட்டுப் போறேன்."

சிரிப்பெல்லாம் போய்விட்டது அவள் முகத்திலிருந்து. கத்தியை மறுபடி எடுத்து இரண்டு காய் நறுக்கினாள். "என் நாற்காலியை நீங்க பாத்துக்குவீங்க. சரி. தினம் என் ஜன்னலுக்கு முன்னாடி வந்து நிக்கறாங்களே, முட்டி வலிக்காரங்க, குச்சி ஊனறவங்க, கைக்குழந்தைக்காரி, அவங்க எல்லாருக்கும் நீங்க புருஷனா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

மறுநாள் ஐந்து நாட்டுக்காரர்களும் திரையில் கூடிப் பேசும் நாள். பல்கலைக்கழகத்துச் சின்ன அறையில், சுவர் நிறையக் கட்டம் கட்டமாக முகங்கள். ஸ்பேனர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனார். நாற்காலி மறுபடி சத்தமே போடாமல் வந்தது, அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைக் கேட்டு அவருக்கு எரிச்சலாக இருந்தது. இன்ஜினியர் அப்போதுதான் நீரூற்றின் படத்தை எல்லோருக்கும் காட்டி முடித்திருந்தார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். நீ அவங்க பாஷையில சொல்லிடு" என்று ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் ஆரம்பித்தார். மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கடைசியாக அந்த ஸ்பாஞ்சை உருவி மேஜைமேல் வைத்தார். "தப்பு என்னுது. அந்த முதல் தெருதான் உண்மை. மத்ததெல்லாம் நான் பண்ணினது."

அந்தப் பெண் பாதி மொழிபெயர்க்கும்போதே கையிலிருந்த கணக்குத் தாள்களை மூடி வைத்தாள். மூன்று வார வேலை அவளுக்கும்தான் போனது. இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. "உன்னை யாருய்யா ரிப்பேர் பண்ணச் சொன்னது?" என்று எழுந்துவிட்டார்.

"நல்ல நிலைமையில வெச்சிருக்கச் சொல்லி எழுதியிருந்தது, சார்."

திரையில் இருந்த நரைத்தாடிப் பேராசிரியர் தன் மேஜையில் அந்தக் குறிப்புத்தாளைத் தேடி எடுத்து, நாலாவது வரியைப் படித்து, தாடியைச் சொறிந்துகொண்டார். அந்த வரியை எழுதியது அவர்தானாம். பக்கத்துக் கட்டத்தில் இருந்த இன்னொரு நாட்டு அம்மாள் அதற்குள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள், அந்த வாஷரை எங்கே பொருத்தினார், கொஞ்சம் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள், எங்கள் ஊர் நாற்காலிகளுக்கு வேண்டும் என்று. அறை முழுக்கச் சிரித்தது, இன்ஜினியர் ஒருவரைத் தவிர. ஆனால் தீர்ப்பில் மாற்றமில்லை. போட்டதையெல்லாம் கழற்ற வேண்டும், நாற்பத்திரண்டு தெருவும் மறுபடி.

பழுது பார்ப்பது அவருக்கு மூச்சு விடுவது போல. நல்லதைக் கெடுப்பது அப்படி வரவில்லை. ரப்பர் சக்கரத்தைக் கழற்றி அந்தப் பிளாஸ்டிக் கட்டையைத் திரும்ப மாட்ட அரை நாள் எடுத்துக்கொண்டார். நடு நடுவே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

நாற்காலி பழைய நிலைமைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க அவர்கள் தெருவிலிருந்தே மறுபடி ஆரம்பித்தார்கள். முதல் நாள் கோடும் இன்றைய கோடும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் மின்கம்பத்தைச் சுற்றும்போது மாப்பிள்ளையின் வயிறு ஓர் உடைந்த கல்லில் உரசிக் கிழிந்து மணலெல்லாம் தெருவில் கொட்டிவிட்டது. எடை இல்லாமல் அளக்க முடியாது. ஆராய்ச்சிக்காரப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணா, நீங்க எத்தனை கிலோ?"

அறுபத்தொன்று. செருப்பையும், சட்டைப் பையிலிருந்த இரும்பையும் கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வாரைக் கட்டினார்கள். அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து தள்ளினாள்.

ஆயிரக்கணக்கான நாற்காலிகளைச் சரிபண்ணியவர்தான். உட்கார்ந்து பார்த்ததெல்லாம் வராந்தாவின் வழவழத்த சிமெண்டுத் தரையில். மூன்றாவது கல்லில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏழாவது கல்லில் முன்சக்கரம் குத்தி நின்று, வார் இல்லையென்றால் முகம் தரையில் பட்டிருக்கும். முதுகெலும்பில் ஒவ்வொரு இடியும் தனித்தனியாக ஏறியது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தபோது அது தன் தலைமேல் அடிப்பதுபோல இருந்தது. இடுப்பு வலிக்கிறது என்று நாற்காலியோடு வந்து நின்றவர்களிடமெல்லாம், பேரிங் மாற்றிவிட்டேன் இனி வலிக்காது என்று எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதை நினைத்து அந்தத் தெரு நடுவில் அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவி காத்திருந்தாள். அவர் தலை கலைந்து, வாயோரம் ரத்தத்தோடு வந்து நின்றதைப் பார்த்தாள். "எப்படிங்க இருந்துது சவாரி?"

"கோடு ஒத்துப்போச்சு" என்றார்.

இந்தத் தடவை ஊருக்குக் கடைசி இடம். நாலாவது வந்த ஊருக்கும் இதற்குமே ஏகப்பட்ட தூரம். அறிவிப்பு வந்த அன்று ஸ்பேனர் தன் கைக்காசில் இனிப்பு வாங்கிப் பதிவறை முழுக்கக் கொடுத்தார். கடைசி வந்ததற்கு இனிப்புக் கொடுக்கும் மனிதரைப் பார்த்து நோயாளிகளே தங்கள் வியாதியை மறந்துவிட்டார்கள். இன்ஜினியர் இரண்டு மாதம் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் வேலை வந்து, திறப்பு விழாவில் தன் பெயர் கல்லில் ஏறும் என்று தெரிந்ததும் சமாதானமாகிவிட்டார். மோசமான மூன்று தெருவில் அவர்கள் தெருதான் முதல். மின்கம்பம் ஓரத்துக்குப் போயிற்று. பத்து மாதத்தில் இரண்டு பேர் அருகருகே போகிற அகலத்துக்குச் சமமான பாதை.

பதிவறைத் தலைமைக்கு மூன்றாவது தடவை அவளை யாரும் கேட்கவில்லை. அவளே போய்க் கேட்டு வாங்கினாள்.

முதல் நாள் ஐந்தரை மணிக்கு அவள் கிளம்பிவிட்டாள். "நீங்க தூங்குங்க, நான் போய்க்குவேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியவள், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்தார்.

பழக்கத்தில் நாற்காலியின் கைப்பிடிக்குக் கை போயிற்று. அவள் அதற்குள் நாலடி முன்னே போய்விட்டாள். எட்டி நடந்து பக்கத்தில் வந்து சேர்ந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் பதிவறையில் என்னென்ன மாற்றப்போகிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஜன்னலைத் தாழ்த்தப்போகிறாளாம், நிற்க முடியாதவர்களுக்கு உள்ளேயே பெஞ்சு போடப்போகிறாளாம். பேசும்போது அவளுக்கு இடது புருவம் மட்டும் தனியாக ஏறி இறங்கியது.

"என்னங்க என்னையே பாத்துட்டு வர்றீங்க, முன்னாடி பாத்து நடங்க."

"இல்ல, பத்தொம்போது வருஷமா இந்தத் தெருவுல உன் உச்சந்தலையைத்தான் பாத்துட்டு வந்திருக்கேன். பேசிட்டே போறப்ப உன் முகம் எப்படியிருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவள் சக்கரத்தைத் தள்ளும் கையை நிறுத்தினாள். நாற்காலி தானாகவே கொஞ்ச தூரம் உருண்டது. ஆஸ்பத்திரி வாசல் தெரிய ஆரம்பித்தது.

"ஒம்பது மணி வேலைக்கு ஆறு மணிக்கு வந்து என்ன பண்ணுவீங்க, சும்மா உக்காந்திருப்பீங்க" என்றாள். மறுபடி சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே, "நாளைக்கும் வாங்க" என்றாள்.